‘விசா தேவையில்லை’ன்னா என்ன அர்த்தம்? இத்தாலி பாஸ்போர்ட்டை வெச்சு ஒரு விளக்கம்

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.

போன வாரம் ஷெங்கன் விசாவுக்கு நாம என்னென்ன பேப்பர் சேர்க்கணும்னு பேசினோம். பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடி ரிட்டர்ன், ஆபீஸ்ல லீவ் லெட்டர், ஹோட்டல் புக்கிங், திரும்பி வர டிக்கெட், இன்ஷூரன்ஸ். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி அனுப்பியிருந்தீங்க. "ரோமுக்குப் போக நாம இவ்வளவு காட்டணும். ரோம்ல இருக்கறவங்க வெளியே போகணும்னா என்ன காட்டுவாங்க?"

சின்ன பதில் வேணும்னா, ரொம்பக் கம்மிதான். 2024 ஜனவரியில வந்த ஹென்லி பாஸ்போர்ட் பட்டியல்ல இத்தாலி முதலிடம். பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான், சிங்கப்பூர், ஸ்பெயினோட சேர்ந்து. முன்கூட்டியே விசா வாங்காம போகக்கூடிய இடங்கள் 194. அதே பட்டியல்ல இந்தியாவுக்கு 62.

ஆனா அந்த 194-ங்கற எண் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தர்ற எண். ஏன்னா அதுக்குள்ள எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டியிருக்காங்க. பாக்கெட்ல ஒரு கார்டை மட்டும் போட்டுக்கிட்டு போய் அங்கேயே வேலை தேடிக்கற இடமும் ஒண்ணு, ஏர்போர்ட்ல வரிசையில நின்னு காசு கட்டி ஸ்டிக்கர் ஒட்டிக்கற இடமும் ஒண்ணு, கிளம்பறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல கேள்விக்குப் பதில் சொல்லி அனுமதி வாங்கற இடமும் ஒண்ணு. ஒரு இத்தாலிக்காரரோட அனுபவத்துல இதெல்லாம் ஒண்ணே கிடையாது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தாத்தான் பாஸ்போர்ட்டோட பலம்னு நாம சொல்றது எதனால ஆனதுன்னு புரியும். அதனால இன்னைக்கு வீட்டுக்குப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு தூரமா போவோம்.

முதல்ல, பாஸ்போர்ட்டே வேண்டாத இடங்கள். இத்தாலியில ஒவ்வொருத்தருக்கும் நகராட்சி ஒரு அடையாள அட்டை தருது. ‘வெளிநாடு செல்லச் செல்லும்’னு அனுமதி உள்ள அட்டையா இருந்தா, ஐரோப்பிய ஒன்றியத்தோட மத்த 26 நாடுகளுக்கும், கூடவே சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து மாதிரி இடங்களுக்கும் அதை வெச்சே போகலாம். மிலான்ல இருந்து பாரிஸுக்கு ரயில் ஏறறவர் பாஸ்போர்ட்டை வீட்டு டிராயர்லயே விட்டுட்டுப் போகலாம்.

இதைப் போய் ‘விசா ஃப்ரீ’ன்னு சொல்றது குறைச்சுச் சொல்ற மாதிரி. விசா இல்லாம போறவர் விருந்தாளி. 90 நாள் இருக்கலாம், சுத்திப் பார்க்கலாம், வேலை செய்யக்கூடாது. ஒரு இத்தாலிக்காரர் பெர்லினுக்குப் போனா அவர் விருந்தாளி இல்ல. வீடு எடுக்கலாம், கடை போடலாம், வேலைக்குச் சேரலாம், மூணு மாசத்துக்கு மேல இருந்தா உள்ளூர்ல பதிவு பண்ணிக்கணும், அவ்வளவுதான். இது உரிமை. ஜெர்மனி மனசு மாறி நாளைக்கு எடுத்துட முடியாது.

இந்த உரிமை எப்படி வந்ததுங்கறதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச பகுதி. கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி இத்தாலி பாஸ்போர்ட்டுக்கு யாரும் கதவு திறக்கல. 1876-ல இருந்து 1976 வரைக்கும் நூறு வருஷத்துல 2.5 கோடிக்கும் மேல இத்தாலிக்காரங்க பிழைப்பு தேடி நாட்டை விட்டுப் போயிருக்காங்க. 1901-ல இருந்து 1910 வரைக்கும் அமெரிக்காவுக்கு மட்டும் சுமார் 20 லட்சம் பேர். தெற்கு இத்தாலியில, சிசிலியில எல்லாம் ஊர் ஊரா காலியாச்சு. அமெரிக்காவுல அவங்களைப் பத்தி என்ன பேசினாங்கன்னா, அழுக்கு, படிப்பில்ல, குற்றவாளிகள், நம்ம ஆளுங்களோட வேலையைப் பறிக்கறவங்க. கேட்ட மாதிரி இருக்கா? இன்னைக்கு வேற யாரையோ பத்திச் சொல்ற அதே வசனம்தான்.

1921-ல அமெரிக்கா ஒரு கோட்டா போட்டுச்சு. இத்தாலிக்கு வருஷத்துக்குச் சுமார் 42,000 பேர். அது போதாதுன்னு 1924-ல இன்னொரு சட்டம். 1890-ஆம் வருஷ மக்கள்தொகைக் கணக்கை அடிப்படையா எடுத்துக்கிட்டாங்க. வேணும்னேதான், ஏன்னா அப்போ அமெரிக்காவுல இத்தாலிக்காரங்க கம்மி. கோட்டா ஒரே அடியா 3,845-க்கு இறங்கிச்சு. கூடவே இன்னொண்ணும் வந்தது. குடியேறப் போறவங்க கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே தங்கள் ஊர்ல இருக்கற அமெரிக்கத் தூதரகத்துல விசா வாங்கியிருக்கணும். நாம இன்னைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டு, ஃபைலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வரிசையில நிக்கறோமே, அந்த முறையோட ஆரம்பங்கள்ல அதுவும் ஒண்ணு. அந்த வரிசையில அன்னைக்கு நின்னவங்கள்ல நாப்போலிக்காரங்களும் பலெர்மோக்காரங்களும் உண்டு.

அமெரிக்கக் கதவு ஒடுங்கிப்போச்சு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் நாடு நொறுங்கிக் கிடக்கு. வேலை இல்லாதவங்க ஏராளம், நிலக்கரி கிடையாது. பெல்ஜியத்துல நிலக்கரி இருக்கு, சுரங்கத்துல இறங்க ஆள் இல்ல. 1946-ல ரெண்டு அரசும் ஒப்பந்தம் போட்டாங்க. நீ ஆள் அனுப்பு, நான் கரி தர்றேன். இதை நான் சுருக்கிச் சொல்லல, கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது அந்த ஒப்பந்தம். ஆயிரக்கணக்குல இத்தாலிய இளைஞர்கள் ரயில் ஏறினாங்க. 1956 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மார்சினெல்ங்கற ஊர்ல சுரங்கத்துல தீ. 262 பேர் இறந்தாங்க. அதுல 136 பேர் இத்தாலிக்காரங்க.

அடுத்த வருஷம், 1957 மார்ச்சில, ரோம் ஒப்பந்தம் கையெழுத்தாகுது. ஆறு நாடுகள் சேர்ந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கறாங்க. அதுல ‘தொழிலாளர்கள் தடையில்லாமல் நாடு விட்டு நாடு போகலாம்’ங்கற கொள்கையை விடாப்பிடியா கேட்டது இத்தாலிதான். ஏன்னா வெளியே அனுப்ப ஆள் வெச்சிருந்தது அவங்கதான். மத்தவங்களுக்கு இதுல பெரிய ஆர்வம் கிடையாது. பேசிப் பேசி, படிப்படியா, 1968-ல அது முழுசா சட்டமாச்சு. இன்னைக்கு ஒரு இத்தாலிய மாணவி யோசிக்கவே யோசிக்காம அந்தக் கார்டைக் காட்டிட்டு பிரஸ்ஸல்ஸ்ல போய் இறங்கறாங்களே, அந்த உரிமையைப் பேரம் பேசி வாங்கினது, விருந்தாளிகளா இல்லாம கூலிகளா போன ஒரு தலைமுறையோட அரசாங்கம். எல்லையில செக்கிங்கே இல்லாம போகற ஷெங்கன் வசதி இதுக்கு ரொம்பப் பின்னாடி, 1997 கடைசியிலதான் இத்தாலிக்கு வந்து சேர்ந்தது.

சரி, அந்த அட்டை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயும் கொஞ்ச தூரம் போகும். அல்பேனியா, செர்பியா, போஸ்னியா, மான்டிநெக்ரோ. துருக்கிக்கு டூரிஸ்டா போனா பாஸ்போர்ட் வேண்டாம், 90 நாள் வரை இந்தக் கார்டு போதும். எகிப்துக்கும் போகலாம், கையில ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துட்டுப் போகணும், ஏன்னா அங்க விசாவை ஒட்டறதுக்குப் பாஸ்போர்ட் பக்கம் இருக்காது, தனிப் பேப்பர்லதான் பண்ணித் தருவாங்க.

இங்க அல்பேனியாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 1991 ஆகஸ்ட் 8. மறுபடியும் ஆகஸ்ட் 8, தற்செயல்தான். விளோரா-ங்கற சரக்குக் கப்பல் சுமார் 20,000 அல்பேனியர்களோட இத்தாலியோட பாரி துறைமுகத்துக்கு வந்து நின்னுது. அந்தப் போட்டோவை நீங்க பார்த்திருப்பீங்க, கப்பலே தெரியாது, மனுஷங்க மட்டும்தான் தெரிவாங்க. பெரும்பாலானவங்களை அரங்கத்துல அடைச்சு வெச்சு, சில நாள்ல திருப்பி அனுப்பிட்டாங்க. அல்பேனியர்கள் ஷெங்கனுக்கு விசா இல்லாம வர 2010 டிசம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னைக்கு அதே கடலை எதிர்ப்பக்கமா கடந்து இத்தாலிக்காரங்க அல்பேனியாவுக்குப் போறாங்க. கடற்கரைக்கு, பல் வைத்தியத்துக்கு. அடையாள அட்டையை மட்டும் காட்டி.

இந்தக் கார்டு விஷயத்துல ஒரு பொறி இருக்கு. நிஜமா ஆளுங்க மாட்டிக்கறது. பழைய காகித அட்டைகளுக்கு முன்னாடி அஞ்சு வருஷம்தான் ஆயுள். 2008-ல அரசாங்கம் அதைப் பத்து வருஷமாக்கிச்சு. ஏற்கனவே கையில அட்டை வெச்சிருந்தவங்களுக்கு நகராட்சி ஆபீஸ்ல பின்பக்கம் ஒரு முத்திரை குத்தி, இன்னும் அஞ்சு வருஷம் செல்லும்னு எழுதிக் கொடுத்தாங்க. இத்தாலியைப் பொறுத்தவரைக்கும் அது நூறு சதவீதம் சட்டப்படி சரி. ஆனா பல நாடுகள்ல எல்லை அதிகாரி முன்பக்கத்துத் தேதியைப் பார்த்துட்டு, ‘காலாவதி’ன்னு சொல்லிட்டார். குடும்பத்தோட டூர் கிளம்பினவங்க கவுன்டர்லயே திரும்பி வந்திருக்காங்க. கடைசியில இத்தாலிய அரசாங்கமே, முத்திரை குத்தின அட்டையோட வெளிநாடு போகாதீங்க, புதுசா வாங்கிக்கோங்கன்னு சொல்ல வேண்டியதாச்சு. காகித அட்டைக்கு இப்போ ஒரேயடியா முடிவு குறிச்சிட்டாங்க. ஐரோப்பிய ஒன்றியத்தோட பாதுகாப்பு விதிப்படி 2026 ஆகஸ்ட் 3-க்கு அப்புறம் அது செல்லாது. சிப் வெச்ச அட்டைதான்.

உன் நாடு ஒரு காகிதத்தைச் செல்லும்னு சொன்னா மட்டும் போதாது, எதிர்ல உட்கார்ந்திருக்கறவர் அதை ஒத்துக்கணும். ஒத்துக்கறதை நிறுத்தவும் நிறுத்தலாம். பிரிட்டன் அதைத்தான் பண்ணிச்சு. 2020 வரைக்கும் இத்தாலிய இளைஞர்களுக்கு லண்டன் ஏறக்குறைய உள்ளூர் மாதிரி. காபி ஷாப்புல, ரெஸ்டாரன்ட் கிச்சன்ல, பேங்க்ல, எங்க பார்த்தாலும் இத்தாலியன் கேட்கும். அட்டையை எடுத்துட்டு ஒரு மலிவு விலை ஃப்ளைட்ல போய் இறங்கி, மறுநாள் வேலைக்குப் போவாங்க. பிரெக்ஸிட் ஏற்பாடுகள் முடிஞ்சு 2021 ஜனவரியில அந்த வேலை உரிமை போச்சு. அக்டோபர் 1-ல இருந்து அடையாள அட்டையும் செல்லாது, ஏற்கனவே அங்க குடியிருக்கற உரிமை பெற்றவங்களைத் தவிர மத்தவங்களுக்குப் பாஸ்போர்ட் வேணும். 2025 ஏப்ரல் 2-ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஈடிஏ-ங்கற அனுமதியும் வேணும். முதல்ல பத்து பவுண்டு வாங்கினாங்க, ஒரே வாரத்துல 16 ஆக்கிட்டாங்க. டூரிஸ்டா போனா ஆறு மாசம் வரைக்கும் இருக்கலாம். காபி ஷாப் வேலைக்கு இப்போ வாய்ப்பே கிட்டத்தட்ட இல்ல, ஏன்னா வேலை விசாவுக்குச் சம்பள வரம்பு இருக்கு.

பட்டியல்காரங்க கணக்குல பிரிட்டன் இத்தாலிக்காரங்களுக்கு அன்னைக்கும் ‘விசா வேண்டாம்’, இன்னைக்கும் ‘விசா வேண்டாம்’. எண் மாறவே இல்ல. ஆனா ஒரு 22 வயசு பையனோட வாழ்க்கைத் திட்டம் மாறிப்போச்சு.

இனி பாஸ்போர்ட்டுக்கே வருவோம். இத்தாலியில பாஸ்போர்ட் தர்றது போலீஸ். குவெஸ்தூரான்னு சொல்ற மாகாணப் போலீஸ் தலைமை அலுவலகத்துல அப்பாயின்ட்மென்ட் எடுக்கணும். பெரியவங்களுக்குப் பத்து வருஷம் செல்லும், மூணு வயசுக்குக் கீழ மூணு வருஷம், மூணுல இருந்து பதினெட்டு வரைக்கும் அஞ்சு வருஷம். செலவு சுமார் 116 யூரோ. முன்னாடி இன்னொரு கூத்து இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே போறவங்க வருஷா வருஷம் 40 யூரோ சொச்சத்துக்கு ஸ்டாம்ப் வாங்கி பாஸ்போர்ட்ல ஒட்டணும். 2014-ல தான் எடுத்தாங்க. கோவிடுக்கு அப்புறம் 2022, 2023-ல அப்பாயின்ட்மென்டுக்கே பல நகரங்கள்ல மாசக்கணக்குல காத்திருக்க வேண்டியிருந்தது. ஹனிமூன் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினவங்க கதையெல்லாம் பேப்பர்ல வந்தது. அப்புறம் அவசரக்காரங்களுக்குத் தனி ஸ்லாட், சின்ன ஊர்கள்ல தபால் ஆபீஸ்லயே விண்ணப்பம்னு ஏற்பாடு பண்ணினாங்க. உலகத்துலயே பலமான பாஸ்போர்ட்டுகள்ல ஒண்ணுதான். ஆனா கையில கிடைச்சாத்தானே பலம். நம்ம பாஸ்போர்ட் சேவா கேந்திராவை எவ்வளவு திட்டினாலும், இந்த ஒரு விஷயத்துல நாம காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

சரி, பாஸ்போர்ட் கிடைச்சாச்சு, அமெரிக்கா போகலாம். 1989-ல இருந்து இத்தாலி அமெரிக்காவோட விசா விலக்குத் திட்டத்துல இருக்கு. 3,845 பேருக்குக் கோட்டா போட்ட அதே நாடு, 65 வருஷம் கழிச்சு, 90 நாளுக்கு விசா இல்லாம வாங்கன்னு சொல்லிச்சு. இடையில இத்தாலி பணக்கார நாடாயிடுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். வந்தா திரும்பிப் போயிடுவாங்கன்னு நம்பிக்கை வந்துடுச்சு.

2009 ஜனவரியில இருந்து எஸ்டா-ங்கற ஆன்லைன் அனுமதி கட்டாயம். ரெண்டு வருஷம் செல்லும். 2025 செப்டம்பர் 30-ல இருந்து கட்டணம் 21 டாலர்ல இருந்து 40 டாலர் ஆச்சு. ‘விசா இல்லை’ங்கற நிலைமைக்கு விலை ஏறிக்கிட்டே போகுது, கவனிச்சீங்களா?

ஆனா பணத்தை விடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. அது கியூபா. இத்தாலிக்காரங்களுக்குக் கியூபா ரொம்பப் பிடிச்ச ஹாலிடே ஊர். 2021 ஜனவரி 12-ஆம் தேதி அமெரிக்கா கியூபாவைப் பயங்கரவாதத்தை ஆதரிக்கிற நாடுகள் பட்டியல்ல சேர்த்துச்சு. அந்தத் தேதிக்கு அப்புறம் கியூபாவுல கால் வெச்ச எந்த இத்தாலிக்காரருக்கும் எஸ்டா கிடையாது. ஹவானாவுல ஒரு வாரம் கடற்கரையில படுத்திருந்தவர், ரெண்டு வருஷம் கழிச்சு நியூயார்க்குக்கு ஒரு மீட்டிங்னு கிளம்பினா, அமெரிக்கத் தூதரகத்துல நேர்முகத்துக்கு நேரம் வாங்கி, 185 டாலர் கட்டி, நம்ம மாதிரியே ஃபைலைத் தூக்கிட்டுப் போய் நிக்கணும். விசா கிடைக்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். ஆனா மீட்டிங் தேதிக்குள்ள நேர்முகத் தேதி கிடைக்கணுமே. ஈரான், இராக், சிரியா, சூடானுக்கு 2011 மார்ச்சுக்கு அப்புறம் போனவங்களுக்கும் இதே கதை, ரிப்போர்ட்டரா போனாலும் சரி, டூரிஸ்டா போனாலும் சரி. ஒரு நாட்டுக்குப் போனது உங்க சொந்த விஷயம்னு நினைக்கறீங்க. இன்னொரு நாட்டோட படிவத்துல அது ஒரு டிக் மார்க்.

ஐரோப்பிய ஒன்றியம்னா எல்லாரும் ஒண்ணுதானேன்னு கேட்டா, அமெரிக்காவுக்கு அப்படி இல்ல. ரோம்ல ஒரே ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து மேசையில ஒரு இத்தாலியரும் ஒரு ருமேனியரும் வேலை செய்யறாங்கன்னு வெச்சுக்கோங்க. ஒன்றியத்துக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒரே உரிமை. அமெரிக்கா போகணும்னா இத்தாலியர் போன்ல எஸ்டா போட்டுட்டுப் போகலாம், ருமேனியர் விசாவுக்கு நிக்கணும். 2025 ஜனவரியில ருமேனியாவையும் திட்டத்துல சேர்க்கறோம்னு அறிவிச்சாங்க. மே மாசம் அதை ரத்து பண்ணிட்டாங்க. இதுக்குப் பதிலடியா அமெரிக்கர்களுக்கும் விசா கேளுங்கன்னு 2017-லயே ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டுச்சு. யாரும் செயல்படுத்தல. அமெரிக்க டூரிஸ்ட் வராம வெனிஸ் ஹோட்டல்காரர் என்ன பண்ணுவார்?

அதாவது, நீ எனக்குத் திறந்தா நான் உனக்குத் திறப்பேன்ங்கறது புத்தகத்துல இருக்கற விதி. நடைமுறையில யாருக்கு யார் தேவைங்கறதைப் பொறுத்துத்தான் எல்லாம். சீனாவைப் பாருங்க. 2023 டிசம்பர் 1-ல இருந்து இத்தாலி உட்பட ஆறு நாட்டுக்காரங்க 15 நாள் விசா இல்லாம வரலாம்னு சீனா ஒரு தரப்பா அறிவிச்சது. அதே டிசம்பர்லதான் இத்தாலி, சீனாவோட பெல்ட் அண்ட் ரோடு திட்டத்துல இருந்து வெளியேறறதா முறைப்படி சொல்லுது. ஜி-7 நாடுகள்ல அதுல சேர்ந்திருந்த ஒரே நாடு இத்தாலிதான். அப்படியும் சீனா கதவை மூடல. 2024 நவம்பர்ல 15 நாளை 30 நாள் ஆக்கிச்சு. சீனர்கள் இத்தாலிக்கு வர இன்னமும் ஷெங்கன் விசா வாங்கித்தான் ஆகணும். ஆனா இந்தச் சலுகைக்கு ஒரு கெடு தேதி உண்டு. ஒவ்வொரு தடவையும் கெடு வெச்சுத்தான் நீட்டிக்கறாங்க. கார்டைக் காட்டிட்டு பெர்லின் போறதுக்கும் பெய்ஜிங் போறதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒண்ணு கேட்டு வாங்கினது, இன்னொண்ணு கொடுத்தவங்க வெச்சிருக்கற வரைக்கும்.

வியட்நாமும் இந்த ரகம்தான். 2015-ல 15 நாள் கொடுத்தாங்க, 2023 ஆகஸ்ட்ல 45 நாள் ஆக்கினாங்க. ஜப்பான் 90 நாள். பாலிக்குப் போறவங்க இறங்கினதும் காசு கட்டி விசா வாங்கிக்கறாங்க. ஆஸ்திரேலியாவுக்கு இ-விசிட்டர்னு இலவசமா ஆன்லைன் விசா. இதெல்லாம் ஒரு வாரத்துக்கு முன்னாடி பார்த்துக்கற சமாச்சாரம். பாஸ்போர்ட்ல ஆறு மாசமாவது செல்லுபடி பாக்கி இருக்கான்னு பார்க்காம விட்டுட்டுத்தான் ஆசியப் பயணங்கள்ல நிறைய பேர் மாட்டறாங்க. இத்தாலிய வெளியுறவு அமைச்சகம் ‘வியாஜ்ஜாரே சிகூரி’, அதாவது ‘பத்திரமாகப் பயணம்’னு ஒரு தளம் நடத்துது. நாடு வாரியா எந்த ஆவணம், எவ்வளவு நாள், என்ன ஆபத்துன்னு போட்டிருப்பாங்க. இந்த எபிசோடுக்காக அதைப் புரட்டிக்கிட்டே இருந்தேன், நாவல் மாதிரி போச்சு.

நம்ம ஊருக்கு வரணும்னா? இத்தாலிக்காரருக்கும் விசா வேணும். இ-விசா போட்டு சென்னை ஏர்போர்ட்ல இறங்கலாம். போட்டோ அப்லோடு ஆகலன்னு அவங்களும் புலம்பறாங்க. எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், மறைக்க விரும்பல.

விசா வேணும்னு சொல்ற நாடுகள்ல எனக்கு ரொம்ப சுவாரஸ்யமா பட்டது எரித்ரியா. 1890-ல இருந்து 1941 வரைக்கும் இத்தாலியோட காலனி. தலைநகர் அஸ்மாராவை இத்தாலியக் கட்டடக் கலைஞர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வரைஞ்சு பார்த்தாங்க. விமானம் மாதிரி ரெண்டு பக்கமும் இறக்கை விரிச்சு நிக்கற ஃபியாட் தாலியேரோ பெட்ரோல் பங்க் அங்கதான் இருக்கு. 2017-ல அந்த நகரம் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. தன் தாத்தா காலத்துக்காரங்க கட்டின அந்த பங்கைப் பார்க்கணும்னா இன்னைக்கு இத்தாலிக்காரர் முன்கூட்டியே விசா வாங்கணும், அஸ்மாராவை விட்டு வெளியூர் போகத் தனி அனுமதிச் சீட்டும் வாங்கணும். லிபியாவுக்கும் விசா வேணும். அந்தக் காலத்துல கேட்காம போனவங்க, இப்போ கேட்டுட்டுப் போறாங்க.

கடைசியா ஒரு விஷயம். இவ்வளவு நேரம் இத்தாலிக்காரர், இத்தாலிக்காரர்னு சொல்லிக்கிட்டு வந்தேன். யார் அது?

2025 மார்ச் வரைக்கும் உங்க கொள்ளுத்தாத்தாவோ அவரோட அப்பாவோ இத்தாலியில இருந்து புவனெஸ் அயர்ஸுக்குக் கப்பல் ஏறினவர்னு காகிதம் காட்டினா, குடியுரிமை நடுவுல எங்கயும் அறுந்து போகாம இருந்தா, நீங்க இத்தாலிக் குடிமகன்னு உரிமை கோரலாம். இத்தாலிய மொழி தெரிய வேண்டாம், அந்த மண்ணை மிதிச்சிருக்கவும் வேண்டாம். தலைமுறைக்கு எல்லையே கிடையாது. பிரேசில்லயும் அர்ஜென்டினாவுலயும் இதுக்குன்னே ஏஜென்ட்டுகள் இருந்தாங்க. நிறைய பேருக்கு வேண்டியிருந்தது ஸ்பெயின்ல வேலை, அமெரிக்காவுக்கு எஸ்டா. மார்ச் 28-ஆம் தேதி அவசரச் சட்டம் போட்டு, அப்பா அம்மா அல்லது தாத்தா பாட்டி வரைக்கும்தான்னு சுருக்கிட்டாங்க.

இன்னொரு பக்கம் பலெர்மோ. சிசிலியோட தலைநகர். இலங்கைத் தமிழர்கள் கணிசமா வாழற ஊர். ஊருக்கு மேல பெல்லெக்ரினோ மலையில இருக்கற சாந்தா ரோசாலியா குகைக் கோயிலுக்கு இந்துத் தமிழ்க் குடும்பங்களும் ஏறிப் போறதைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. அங்க பிறந்து, அங்கயே பள்ளிக்கூடம் போய், சிசிலியன் வட்டார வழக்குல சண்டை போடற பிள்ளைங்க இருக்காங்க. அப்பா அம்மா இலங்கைக் குடிமக்களா இருந்தா, அந்தப் பிள்ளை கையில இருக்கறதும் இலங்கை பாஸ்போர்ட்தான். 1992-ஆம் வருஷச் சட்டப்படி இத்தாலியில பிறந்தாலே குடியுரிமை வராது.

வகுப்புல பாரிஸுக்கு டூர் போனா பெரிய பிரச்சினை இல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள பள்ளிக்கூடம் ஒரு பெயர்ப் பட்டியலை முத்திரையோட எடுத்துட்டுப் போனா போதும்னு 1994-லயே ஒரு ஏற்பாடு இருக்கு. லண்டனுக்குன்னு சொன்னாத்தான் சிக்கல். மத்த பிள்ளைங்க போன்ல காசு கட்டி ஈடிஏ வாங்கிடுவாங்க. இந்தப் பிள்ளைக்குப் பிரிட்டன் விசா வேணும். கைரேகை, அப்பாவோட பேங்க் கணக்கு, வாரக்கணக்குல காத்திருப்பு. ஒரே பெஞ்ச், ஒரே டூர்.

பெரியவங்க குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பத்து வருஷம் அங்க வாழ்ந்திருக்கணும்ங்கறதை அஞ்சு வருஷமாக்கலாமான்னு 2025 ஜூன்ல பொது வாக்கெடுப்பு நடந்துச்சு. பெத்தவங்களுக்குக் கிடைச்சா கூட வாழற சின்னப் பிள்ளைங்களுக்கும் சேர்த்துக் கிடைச்சிருக்கும். பாதிப் பேராவது ஓட்டுப் போட்டாத்தான் செல்லும். சுமார் 30 சதவீதம் பேர்தான் வந்தாங்க. செல்லாமப் போச்சு.

அதனால பெத்தவங்க வழியா கிடைக்காத பிள்ளைங்களுக்கு இருக்கறது பழைய வழிதான். பிறந்ததுல இருந்து இடைவிடாம இத்தாலியிலயே வாழ்ந்திருந்தா, 18 வயசு முடிஞ்சதும், 19 ஆகறதுக்குள்ள, நகராட்சியில போய் "நான் இத்தாலிக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கறேன்"னு சொல்லிக் கையெழுத்துப் போடணும். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முந்தின ஆறு மாசத்துக்குள்ள நகராட்சியே இதைக் கடிதம் போட்டு நினைவுபடுத்தணும்னு 2013-ல சட்டம் வந்தது. அவங்க கடிதம் போடலன்னா அந்த ஒரு வருஷக் கெடு பொருந்தாது. பலெர்மோவுல, நாப்போலியில, மிலான்ல இதைக் கேட்டுக்கிட்டிருக்கற தம்பி தங்கச்சிங்க யாராவது இருந்தா, தபால் பெட்டியைப் பாருங்க. கடிதம் வரலன்னாலும் நேர்ல போய்க் கேளுங்க. பிறப்புச் சான்றிதழ், தொடர்ந்து அங்கயே வாழ்ந்ததுக்கான ஆதாரம், 250 யூரோ கட்டின ரசீது. தடுப்பூசிப் புத்தகம், ஸ்கூல் மார்க் ஷீட் எல்லாம் பத்திரமா வெச்சுக்கோங்க, நடுவுல குடியிருப்புப் பதிவு விட்டுப்போயிருந்தா அதுதான் காப்பாத்தும். அது முடிஞ்சதும் குவெஸ்தூராவுல பாஸ்போர்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட். அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்னுதான் ஏற்கனவே சொல்லிட்டேனே.

அடுத்த வாரம் ஜப்பான். கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள இருக்கட்டும், ப்ளீஸ்.